மாப்பிள்ளை ரத்தம்

அத்தியாயம் 14

போன வாரம் சமையலறை மேஜையில் மூன்று கைகளை நீட்ட வைத்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிட்டோம். அப்புறம் என்ன ஆயிற்று என்று தவித்தவர்களுக்கு ஒரு வரி: ஊசி இறங்கியது, யாரும் மயங்கி விழவில்லை.

முதலில் நீண்டது கண்ணாடிக்காரரின் கை. இந்த வீட்டு மகள் பெரியவளின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அன்றைய பேச்செல்லாம் கடையிலேயே தீர்ந்துவிடும், வீட்டுக்கு மிச்சம் வராது.

அடுத்தது அம்மாவின் கை. பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஒரு விபத்தில் போன பிறகு, பால் பூத்தை ஒற்றை ஆளாக நடத்தி மகளையும் மகனையும் வளர்த்தவள்.

மூன்றாவது கை மகனுடையது. பெரியவளின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்பது அவனோடு ஒரு டீ குடித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஊசி பிடித்தவள் பெரியவள். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். மனச்சோர்வும் பதட்ட நோயும் உள்ளவர்களின் ரத்த அணுக்களில் ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 'ஒன்றும் இல்லாதவர்கள்'தான் கிடைக்கவில்லை.

"உங்க வீட்ல யாராவது வருவாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். பெரியவள் வீட்டையே பிடித்து மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

"நான் வர்றேன்" என்று முதலில் சொன்னவன் ரேடியோ. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

குளித்து முடித்து வந்து, மேஜையிலிருந்த டியூப்களைப் பெட்டியில் வைக்கும்போது ஒன்று மட்டும் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. தன் கை ஈரம் என்று நினைத்துத் துண்டால் துடைத்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள் பெரியவள்.

டாக்டரம்மா தன் அறையில் வைத்து டியூப்களுக்குப் புது எண் ஒட்டிக் கொடுத்தார். யாருடையது எது என்பது இனி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"உனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணு தேட ஆரம்பிச்சிடும்."

"என் கண்ணு தேடாது மேடம்."

"எல்லாக் கண்ணும் தேடும். உன் வீட்டுக்காரர் கடை நடக்கிறதே அதனாலதான்."

பெரியவள் சிரித்துக்கொண்டே டியூப்களைச் சுழல விட்டாள். சுழன்று நின்றதும் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். இரண்டில் அப்படித்தான் நின்றது. மூன்றாவதில் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது. நெய்யோ வெண்ணெயோ சாப்பிட்ட உடம்பு.

வெறும் வயிறு, வெறும் வயிறு என்று நேற்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் விடிந்ததும் பசி தாங்காத ஆள் ஒருவர்தான். அவர் டியூபுக்கு எத்தனை எண் ஒட்டினாலும், ஒட்டியது வீண்.

பார்க்காத மாதிரி இருந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

வேலை இதுதான். மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ள மூளையின் செல்கள் வைத்திருக்கிற அதே மாதிரி ஏற்பிகள், ரத்தத்தில் ஓடும் பிளேட்லெட் அணுக்களின் மேலும் இருக்கின்றன. அந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓட விட்டால், எது எவ்வளவு மின்னுகிறது என்று மெஷின் திரையில் புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்து மேகம் மாதிரி ஆகும். இந்த ஆராய்ச்சியில் இதுவரை, நலமாக இருப்பவர்களின் மேகம் பெரும்பாலும் இடப்பக்கம் உட்கார்ந்தது. நோயாளிகளுடையது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது என்றுதான் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல டாக்டரம்மா யாரையும் விடுவதில்லை.

முதல் டியூப் இடப்பக்கம், வட்டமாக. இரண்டாவது அதைவிட அழகு. பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம்.

மங்கலான டியூபின் மேகம் கிளம்பி வலப்பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே வலப்பக்கம்.

அந்த நேரம் பார்த்துப் போனில் ரேடியோவிடமிருந்து செய்தி வந்தது. 'ரிசல்ட் வந்துச்சா? நான் மனுசன்தானா, சந்தேகமா?'

'வேலை பாருடா' என்று பதில் தட்டிவிட்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"மேடம், சும்மா கேக்கிறேன். நல்லா இருக்கிறவங்கன்னு எடுத்ததுல ஒண்ணு அந்தப் பக்கம் போனா?"

"போகும். இந்தக் கூட்டத்துல நாலு பேர் அங்க போவாங்க, அந்தக் கூட்டத்துல நாலு பேர் இங்க வருவாங்க. இது கூட்டத்தைப் பத்தித்தான் சொல்லும், ஆளைப் பத்திச் சொல்லாது. உனக்கே பாடம் எடுக்கணுமா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ரெண்டு தடவை ஓட்டினேன். அதான்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

டெக்னீஷியனுக்குத் தெரிந்தது மனைவிக்குத் தெரிய வேண்டுமே. நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுமே மனைவி கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டாள். டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாரே. கேட்டால் 'ம்' என்கிறாரே. முந்தாநாள் ஜன்னலோரம் அவ்வளவு நேரம் நின்றாரே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர?

ஒரு வீட்டில் படுத்து எழுகிறோம். எப்படி எனக்குத் தெரியாமல் போனது?

*

அதே நேரம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது.

பழுது ஒன்றும் இல்லை. காலையிலேயே கதவு உருளையைச் சரி செய்து, எண்ணெய் போட்டு, ஓட்டிப் பார்த்தாயிற்று. பிறகு 'வேலை நடக்கிறது' என்ற பலகையை எல்லா மாடியிலும் மாட்டிவிட்டு, உள்ளே ஏறி, நடுவழியில் நிறுத்திவிட்டு, கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான் ரேடியோ.

கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் வந்தது. "என்ன தம்பி, இன்னும் முடியலையா?"

"முடியும்ணே. உங்க லிஃப்ட் புது மருமக மாதிரி. மெதுவாப் பேசினாத்தான் நகருது."

கீழே சிரிப்பு. சிரிப்பு விலகிப் போனதும் அவன் முகம் விளக்கணைத்த மாதிரி ஆனது.

இது சில மாதமாக நடக்கிறது. முதலில் ஒரு கட்டடத்தில் மட்டும். இப்போது எங்கே போனாலும். யாரும் வராத, யாரும் கூப்பிட முடியாத இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். உள்ளே அவன் அழுவதில்லை, தூங்குவதில்லை. எஃகுச் சுவரில் கலங்கலாகத் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். எழுந்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குக் கை வர வேண்டும்.

இன்று காலை அக்கா சமையலறையில் வைத்துக் கேள்விகள் கேட்டாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது பிடிப்பு இல்லாமல் போகிறதா, இப்படி. ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள். வீடுதானே என்று எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டாள். எதிரில் அம்மா இருந்தாள், மாமா இருந்தார்.

"தூக்கமா? படுத்தா என்னைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் போட்டாலும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?" என்று அக்கா பொதுவாகக் கேட்டதற்கு, "நம்ம பரம்பரையிலயே கிடையாது" என்று அம்மா எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள்.

பரவாயில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டான். வாய் பொய் சொல்லட்டும். ரத்தம் சொல்லாது. அதற்கு ஜோக் அடிக்கத் தெரியாது. அக்கா மெஷினில் பார்ப்பாள், வெலவெலத்துப் போவாள், வந்து கேட்பாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

போனை எடுத்தான். 'இப்ப வந்துச்சா?' என்று அனுப்பினான்.

*

பெரியவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

கண்ணாடிக்காரர் ஒரு வாடிக்கையாளர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார். "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா? அவசரமில்ல. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க." வீட்டில் கேட்காத குரல்.

ஆள் போனதும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் அவள் கடைக்கு வந்ததே இல்லை. அவர் முகம் மாறியது.

"தெரிஞ்சு போச்சா?" என்றார்.

"தெரிஞ்சு போச்சுங்க. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா திட்டுவியேன்னுதான். பசி தாங்கல. ரெண்டே துண்டு ரொட்டி. வெண்ணெய்கூட லேசாத்தான் தடவினேன்."

"நான் வெண்ணெயைக் கேக்கல."

"பின்ன?"

"மனசு. உங்க மனசுக்கு என்ன?"

அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "என் மனசுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு."

"பேசவே மாட்டேங்கறீங்க."

"எப்ப பேசறது? உன் தம்பி மூச்சு விடற இடைவெளியிலதான் பேசணும். அவன் மூச்சும் விடறதில்ல."

"ஜன்னல்ல நின்னீங்க. அன்னைக்கு."

"எதிர்வீட்டுத் தொட்டி வழியுதே, மோட்டாரை நிறுத்த மாட்டாங்களான்னு பார்த்துட்டிருந்தேன்." அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "ஏம்மா, அந்த மெஷின் என்னைப் பத்தி என்னதான் சொல்லுச்சு?"

சொல்லக் கூடாது. இந்த ஆராய்ச்சியில் அதுதான் முதல் விதி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "கேக்கணும்னு இருந்தேன். மச்சான் போன மாசம் இங்க வந்தான். எல்லாமே மங்கலாத் தெரியுது, கண்ணைப் பாருங்க மாமான்னான். பார்த்தேன். சுத்தமான கண்ணு. ஆசைக்கு ஒரு நம்பர் வேணும்னாலும் எழுதிக் கொடுக்க முடியாது. எதை மாத்திப் போட்டாலும் 'அதே மாதிரிதான் இருக்கு'ன்னான். ஜோக்கே அடிக்கல. அப்புறம் எழுந்து போயிட்டான்."

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. மத்த ரெண்டு டியூபையும் இப்பத்தான் பார்த்தேன், பாடப்புத்தகம் மாதிரி இருக்கு. பேச்சை மாத்தாதீங்க."

"நான் எங்க மாத்தினேன்?"

"இதோ, இப்ப."

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதும் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது.

*

சாயங்காலம். காலையில் ரத்தம் எடுத்த அதே மேஜை. கண்ணாடிக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, விசாரணைக்கு வந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். ரேடியோ வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. வந்ததிலிருந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் ஏதோ இருக்கிறது. வந்துவிட்டது, இதோ கேட்கப் போகிறாள்.

பெரியவள் கணவரைப் பார்த்துக் கேட்டாள். "நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம். எனக்காக வாங்க."

"வர்றேன். ஆனா எதுக்குன்னு சொல்லு."

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "மாப்பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"ரத்தத்துல ஏதாவதா?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு."

"மாப்பிள்ளை ரத்தத்துல குறை வர ஞாயமே இல்ல" என்றாள் அம்மா. "நான்தான் பத்திரமா வச்சேனே."

பெரியவள் மெதுவாகத் திரும்பினாள். "எங்க வச்ச?"

அம்மா டம்ளரைக் கவிழ்த்தாள். நிமிர்த்தினாள். "நீ குளிக்கப் போயிட்ட. ரத்தம் அப்படியே மேஜையில கிடக்கு. வெயில் வேற ஜன்னல் வழியா வருது. ஒரு பாக்கெட் பாலை நான் அப்படி விட்டிருப்பேனா? எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சேன். நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் திரும்ப வச்சுட்டேன். நீதான் தொடாதேன்னு சொல்லியிருந்தியே."

"எல்லாத்தையுமா?"

"மாப்பிள்ளையோடதை மட்டும்தான். நம்மளோடது கெட்டா கெட்டுட்டுப் போகுது. அவரோடதை அப்படிப் போட்டு வைக்கலாமா, நாளைக்கு அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க?"

பிறகு கண்ணாடிக்காரர் கேட்டார். "அத்தை, எந்தத் தட்டுல?"

"கதவுப் பக்கம்தான். பால் பாக்கெட்டுக்கு நடுவுல."

பெரியவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வியர்த்திருந்த டியூப். கை ஈரம் என்று துடைத்தாளே, அந்த டியூப்.

"பிளேட்லெட்டைக் குளிர வைக்கவே கூடாதும்மா. குளிர்ந்தா அதுக்கு அடிபட்ட மாதிரி. தட்டையா இருக்கிறது உருண்டு, மேலெல்லாம் முள்ளு முள்ளா கிளம்பிடும். சாயம் கண்டபடி போய் ஒட்டும். நான் காலையிலேர்ந்து எதைப் பார்த்துப் பயந்தேன்னா, அது உன் ஃபிரிட்ஜை."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கா இல்லையான்னே தெரியாது. அந்த டியூப் செல்லாது."

"அத்தை, என்மேல நீங்க வச்ச மரியாதையில இன்னைக்கு நான் பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர் வரைக்கும் போகப் பார்த்தேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விழுந்த வேகத்தில், சொல்லக் கூடாததையும் சொல்லிவிட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் கவலையே இல்ல. அம்மாவோடதும் அழகு, ரேடியோவோடதும் அழகு. ஒண்ணுகூட கோடு தாண்டல."

இந்த இடத்தில் ரேடியோ ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பால் பாக்கெட்டும் மாப்பிள்ளை ரத்தமும் அவன் கையில் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு ஓட்டுவான்.

அவன் எழுந்தான். "கை கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, குழாய் இருக்கும் பக்கம் போகாமல் பால்கனிப் பக்கம் போனான்.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது. "அதே மாதிரிதான் இருக்குன்னான்" என்றார் தணிந்த குரலில். "எதை மாத்திப் போட்டாலும்."

*

பால்கனியில் காயப் போட்ட துணிகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நல்ல ரிசல்ட்டுக்கு யாராவது இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்களாடா?"

"அக்கா, என்னோடதும் தப்பா இருக்கலாம் இல்ல?"

"உன்னோடதை யாரும் ஃபிரிட்ஜ்ல வைக்கலையே."

"வேற ஏதாவது ஆகியிருக்கும். டியூப் மாறியிருக்கும். இன்னொரு தடவை எடுத்துப் பாரேன். இப்பவே எடு." சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். கெட்ட ரிசல்ட் தப்பாக இருக்கக் கூடாதா என்று கெஞ்சுவார்கள். நல்ல ரிசல்ட் தப்பாக இருக்கட்டும் என்று யாரும் பேரம் பேசிப் பார்த்ததில்லை. அவள் துணியை விலக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குடா முதல் ஆளா வர்றேன்னு சொன்ன?"

சுருட்டிய சட்டைக் கையையே மறுபடி சுருட்டினான். அந்த வாயிலிருந்து பதில் வராமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அதுவா சொல்லிடும்னு நினைச்சேன்" என்றான். "நீ பார்த்துட்டு வந்து கேப்பேன்னு. நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு."

அவளுக்குக் காலையின் சமையலறை கண்ணில் வந்தது. தனியாகக் கேட்க வேண்டிய கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்டவள் அவள்தான். அவன் ஜோக்குக்கு முதலில் சிரித்ததும் அவள்தான்.

"அது ஆளைப் பத்திச் சொல்லாதுடா. எனக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள் பூரா அதையே நம்பிக்கிட்டு அலைஞ்சேன். இப்ப மெஷின் இல்ல. அம்மா இல்ல. நீ சொல்லு."

சொன்னான். கோர்வையாக இல்லை. லிஃப்டை நடுவில் நிறுத்துவது. பலகை மாட்டுவது. கீழே வந்தால் மறுபடி பேச வேண்டுமே என்று பயந்து உட்கார்ந்திருப்பது. சாப்பாடு அட்டை மாதிரி இருப்பது. படுத்தால் தூக்கம் வராமல், விடிந்தால் எழ முடியாமல் கிடப்பது.

டாக்டரம்மா நோயாளிகளிடம் பூசி மெழுகாமல் கேட்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி கேட்டாள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

"இல்ல." யோசித்துவிட்டுச் சொன்னான். "இருக்கணும்னும் தோணல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. "நாளைக்குக் காலையில என்கூட வர்ற. ஆராய்ச்சிக்கு இல்ல. வைத்தியத்துக்கு. மாமாவும் வருவார். எப்படியும் வர்றேன்னு சொல்லிட்டார்."

"உன் டாக்டரம்மா என்ன சொல்வாங்க? மாமாவோடது செல்லாது. என்னை 'ஒண்ணும் இல்லாதவன்'னு எழுதிக் கொடுத்திருக்க. என்னோடதும் போச்சு."

"போகட்டும். அம்மா ஒருத்தி மிச்சம் இருக்காளே."

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"என்னோடதையும் எடுத்துடு."

இருவரும் திரும்பினார்கள். கதவோரம் அம்மா நின்றிருந்தாள். கையில் துடைக்காத டம்ளர், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"எதைம்மா?"

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்ததான்னு கேட்டியே. நான் முந்திக்கிட்டு இல்லைன்னேனே, அந்தப் பதிலை." அவள் மகளைப் பார்க்கவில்லை. மகனை மட்டும் பார்த்தாள். "உங்க அப்பாவும் இப்படித்தான். பால் வண்டியை எங்கயாவது ஓரமா நிறுத்திட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பால் திரிஞ்சு போகும். பூத்ல சனங்க கத்தும். நான் தேடிப் போய்த் திட்டுவேன். பாலுக்காகத்தான் திட்டுவேன். உனக்கு என்னய்யா ஆச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

டம்ளரிலிருந்து சொட்டுவது நின்றுபோயிருந்தது.

"அந்தக் கடைசி நாள்" என்றாள் அம்மா. "விபத்துன்னுதான் உங்க ரெண்டு பேருக்கும் சொல்லி வளர்த்திருக்கேன்."

டம்ளரை முந்தானையால் துடைத்தாள்.

பெரியவளுக்குக் கேட்கத் துணிவில்லை. கண்ணாடிக்காரர் அம்மாவுக்குப் பின்னால் வந்து, உள்ளே வருவதா போவதா தெரியாமல் நின்றார்.

ரேடியோ நகர்ந்து சுவரோரம் இடம் விட்டான். அம்மா வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா" என்றான்.

அந்த வீட்டில் இன்னொருவர் பேசுவதற்கு அவன் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.